கிணத்தக் காணோம்னு சிரிச்சோம், யாரு எடுத்தாங்கன்னு கேக்கல

போன வாரம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட்ல மதுரை பஸ்ல ஏறி உக்காந்து கெளம்புறதுக்கு காத்துக்கிட்டு இருந்தேன், பின்னாடி சீட்ல ஒரு பையன் போன்ல மெசேஜ் வர்ற சவுண்டா "இந்தாம்மா ஏய்!"னு வச்சிருந்தான் போல, திடீர்னு சத்தமா அடிச்சிருச்சு. நாலஞ்சு பொம்பளைங்க பட்டுனு திரும்பிப் பாத்தாங்க, அப்புறம் அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க. முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா மட்டும் "பாவம்யா, நல்ல மனுசன்"னு முணுமுணுத்துச்சு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் செத்து வருசம் ஆச்சு. இன்னும் அந்த ரெண்டு வார்த்தைக்கு ஒரு பஸ்ஸே திரும்புது. அதுல இருந்து மாரிமுத்துவப் பத்தி எழுதணும்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு, இன்னிக்குத்தான் உக்காந்தேன்.

எதிர்நீச்சல் சீரியல்ல ஆதி குணசேகரனா வந்தவரு. சன் டிவில 2022 பிப்ரவரி 7ல ஆரம்பிச்சது, ராத்திரி ஒன்பதரை. எங்க வீட்ல அந்த நேரத்துல யாரும் போன் பண்ணக்கூடாது, பண்ணுனா அம்மா எடுக்காது, எடுத்தாலும் "ம்... ம்... சரி... காலையில பேசு"ன்னு வச்சிரும். நான் சீரியல் பாக்குற ஆளு இல்லன்னு ரொம்ப நாளா பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், லீவுக்கு வீட்டுக்கு வந்தா சாப்பிடுற நேரமும் அதுவும் ஒண்ணா வரும், அப்படியே தட்டோட உக்காந்து பாத்து பாத்து அந்தக் கதைல வர்ற அப்பத்தாவோட 40 பெர்சன்ட் சொத்து ஷேர் யாருக்குப் போகும்னு நானும் கவலப்பட ஆரம்பிச்சுட்டேன். வெக்கத்த விட்டு சொல்றேன், குணசேகரன் தங்கச்சி ஆதிரையோட கல்யாண எபிசோடு ஓடுன வாரம் ஆபிஸ்ல இருந்து யூடியூப்ல பாத்தேன்.

மதுரைல ஒரு பெரிய வீடு, நாலு அண்ணன் தம்பி, படிச்ச பொண்ணுங்களாப் பாத்து மருமகளா எடுத்து அடுப்படில வைக்கிறது, மூத்தவன் சொல்றதுதான் சட்டம், இதுதான் கதை. இந்த மாதிரி கதை நூறு வந்திருக்கு. ஆனா வழக்கமா சீரியல் வில்லன் எப்படி இருப்பான், கண்ண உருட்டுவான், பின்னாடி டமார்னு மியூசிக் வரும், தனியா நின்னு சதித்திட்டத்த சத்தமா பேசுவான். குணசேகரன் அப்படி இல்ல. வேட்டி கட்டி, சோபால சாஞ்சு உக்காந்து, ஒரு காபிய உறிஞ்சிக்கிட்டே ஒருத்தர் வாழ்க்கைய முடிச்சு விட்டுருவாரு. அத அவரு தப்புன்னே நெனைக்க மாட்டாரு, குடும்பத்துக்கு நல்லது பண்றதாத்தான் நெனப்பு. அதான் பயமா இருக்கும். ஏன்னா நம்ம எல்லார் வீட்லயும் இப்படி ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ இருக்காரு, கல்யாண வீட்ல முத பந்தில உக்காந்துக்கிட்டு "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அம்புட்டு படிப்பு"ன்னு சொல்ற ஆளு, நாமளும் எதுத்துப் பேசாம சோத்தப் பிசைஞ்சிருக்கோம்.

"இந்தாம்மா ஏய்"ங்கிறத மீம்ல பாத்த வெளியூர்க்காரங்களுக்கு அது ஏதோ காமெடி டயலாக் மாதிரி. எங்க பக்கம் அது தெனமும் காதுல விழுற சத்தம். மதுரை தேனிப் பக்கம் பழைய ஆளுங்க பொண்டாட்டிய பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "இந்தா", "ஏ இந்தா", "இந்தா புள்ள". எங்கப்பா இன்னிக்கு வரைக்கும் எங்கம்மா பேரச் சொல்லி நான் கேட்டதில்ல, ரேஷன் கடைல கார்டப் பாத்துப் படிக்கும்போது தவிர. அந்த "இந்தா"ல பாசமும் இருக்கும், அதட்டலும் இருக்கும், எது எவ்வளவுன்னு குரல வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். மாரிமுத்து அதுல பாசத்த மொத்தமா எடுத்துட்டு கடைசில ஒரு "ஏய்"ய சேத்தாரு. அம்புட்டுத்தான். அந்தப் பக்கத்துல பொறந்து வளந்த ஆளால மட்டும்தான் அந்த அளவு சரியாப் போட முடியும்.

அவரு வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரிக்காரரு, தேனி மாவட்டம். சினிமால டைரக்டர் ஆகணும்னு 1990ல வீட்ட விட்டு மெட்ராசுக்கு வந்துட்டாரு. ஓட்டல்ல சர்வர் வேல பாத்திருக்காரு. இலக்கிய ஆர்வம் உண்டு, அத வச்சு வைரமுத்துகிட்ட பழக்கம் ஆகி அவர்கிட்ட உதவியாளரா இருந்தாரு, அவரும் அதே தேனி மண்ணுதான். அங்க இருந்து ராஜ்கிரண்கிட்ட அசிஸ்டென்ட் டைரக்டரா சேந்து அரண்மனைக் கிளி (1993), எல்லாமே என் ராசாதான் (1995) ரெண்டுலயும் வேல. அப்புறம் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யான்னு வரிசையா. மன்மதன் படத்துல சிம்பு கூட கோ டைரக்டர்.

இந்த லிஸ்ட்ட ஒரு மூச்சுல படிச்சுட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்க, 1990ல இருந்து 2008 வரைக்கும், 18 வருசம். ஒரு புள்ள பொறந்து ஓட்டு போடுற வயசு வந்துரும். அசிஸ்டென்ட் டைரக்டர்னா என்ன வேலன்னு கோடம்பாக்கம் பக்கம் ரூம் எடுத்து இருந்தவங்களக் கேட்டா சொல்லுவாங்க. க்ளாப் அடிக்கிறது, கன்டினியூட்டி எழுதுறது, ஆர்ட்டிஸ்டுக்கு டயலாக் படிச்சுக் காட்டுறது, கூட்டத்த ஒதுக்குறது, டைரக்டர் கோவத்த வாங்கிக்கிறது. என் சித்தப்பா பையன் ஒருத்தன் நாலு வருசம் அப்படி இருந்துட்டு வந்துட்டான், இப்ப ஆண்டிபட்டில மொபைல் கடை. சினிமாவப் பத்திப் பேசுனா எந்திரிச்சுப் போயிருவான்.

2008ல கண்ணும் கண்ணும் வந்துச்சு. பிரசன்னா, உதயதாரா. குத்தாலம் சாரல், கவிதை, லெட்டர்னு அமைதியான கதை, அடிதடி இல்ல. படம் பெருசா ஓடல. ஆனா கேளுங்க, அந்தப் படத்துல இருக்குற ஒரு விஷயம் தமிழ்நாட்ல தெரியாத ஆளே கெடையாது. வடிவேலு போலீஸ்ல போய் "கிணத்தக் காணோம்"னு கம்ப்ளைன்ட் குடுப்பாருல்ல, அது கண்ணும் கண்ணும் படம்தான். கெணறு தோண்டுனதுக்கு ரசீது இருக்கு, கெணறு மட்டும் இல்ல. இன்னிக்கும் ஏரியக் காணோம் கண்மாயக் காணோம்னு நியூஸ் வந்தா முதல்ல அந்த மீம்தான் வரும். எங்க ஊர்ல கண்மாய்ல பாதி வீடாயிருச்சுன்னு கிராமசபைக் கூட்டத்துல ஒருத்தர் பேசும்போது இந்தக் காமெடிய சொல்லித்தான் ஆரம்பிச்சாரு, அதிகாரிங்களே சிரிச்சாங்க. சிரிச்சதோட சரி.

நான் காலேஜ்ல இருந்து எத்தனையோ தடவ பாத்த அந்த சீன எடுத்த டைரக்டர் யாருன்னு ஒரு தடவகூட யோசிச்சதில்ல. குணசேகரனா வந்து பேமஸ் ஆனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு ரெண்டும் ஒரே ஆளுன்னு. கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. தமிழ்நாடே சிரிக்கிற ஒரு சீன் கையில இருந்தும் ஒருத்தருக்கு அடுத்த படம் கெடைக்க ஆறு வருசம் ஆகியிருக்கு. 2014ல புலிவால். மலையாளத்துல வந்த சாப்பா குரிசுங்கிற படத்தோட ரீமேக், பணக்காரன் போன் தொலஞ்சு இன்னொருத்தன் கைல சிக்குற கதை, விமலும் பிரசன்னாவும். அதுவும் பெருசாப் போகல. டைரக்டரா ரெண்டே படம், அதோட சரி.

நடுவுல 2011ல மிஷ்கின் யுத்தம் செய் படத்துல ஒரு மோசமான போலீஸ் ஆபிசரா நடிக்க வச்சாரு. அதுதான் திருப்பம்னு இப்ப சொல்லலாம், அப்ப அவருக்கே தெரிஞ்சிருக்காது. டைரக்டர் வாய்ப்பு வராத நேரத்துல நடிச்சு வாடகை குடுப்போம்ங்கிற மாதிரிதான் நெறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் மருது, கொடிவீரன்னு நம்ம ஊர்ப்பக்கத்துக் கதைங்கள்ல எல்லாம் ஒரு சொந்தக்காரர், ஒரு போலீஸ், ஒரு பெரிய மனுசன். பேரு தெரியாது, "ஏ இவரு அந்தப் படத்துல வந்தாருல்ல"ன்னு விரல நீட்டுவோமே, அந்த லிஸ்ட்ல ஒருத்தர்.

2018ல பரியேறும் பெருமாள். ஹீரோயின் ஜோவோட அப்பா. இந்த ஒரு ரோலுக்காகவே அவர ஞாபகம் வச்சுக்கலாம், என்னக் கேட்டா குணசேகரன விட இதுதான் பெருசு. அந்தக் கல்யாண மண்டபத்து ரூம் சீன். சொந்தக்காரப் பசங்க ஹீரோ பரியன அடிச்சுப் போட்டிருப்பாங்க, அவமானப்படுத்தியிருப்பாங்க, அப்பன்காரன் வந்து கத்த மாட்டாரு, அழுது கெஞ்சுவாரு. என் புள்ளையவும் சேத்துக் கொன்னுருவாங்கப்பான்னு. கையெடுத்துக் கும்பிடுற அந்த ஆளு நல்லவனா கெட்டவனா? பாவமா இருக்கும், கோவமும் வரும், ரெண்டும் ஒரே நேரத்துல. சாதிய விட முடியாத, ஆனா கத்திய எடுக்கவும் மனசு வராத ஒரு சாதாரண அப்பன். கடைசி சீன்ல டீக்கடைல ரெண்டு கிளாஸ், நடுவுல ஒரு பூ. அந்த டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனவருதான் நாலு வருசம் கழிச்சு எங்க வீட்டு டிவில காபிய உறிஞ்சிக்கிட்டு உக்காந்தாரு. கொஞ்சம் யோசிச்சா ரெண்டும் தூரத்துச் சொந்தக்காரங்கதான், ஒருத்தருக்கு மனசாட்சி குத்துது, இன்னொருத்தருக்கு குத்தல.

சினிமாக்காரங்களுக்கு சீரியல்னாலே ஒரு எளக்காரம் உண்டு. சினிமால சான்ஸ் இல்லன்னாத்தான் அங்க போவாங்கங்கிற பேச்சு. எதிர்நீச்சல் டைரக்டர் திருச்செல்வம், கோலங்கள் எடுத்தவரு, அதுல தொல்காப்பியனா நடிச்சவரும் அவருதான். எதிர்நீச்சல்லயும் ஜீவானந்தமா வந்தாரு. கோலங்கள்லயும் வில்லன் பேரு ஆதி, இதுலயும் ஆதி குணசேகரன். எங்கம்மா இத மொத வாரமே கண்டுபிடிச்சு சொல்லுச்சு, நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஆமால்லன்னு யோசிச்சேன்.

டைரக்டரா இருந்தவரு நடிக்க வந்தா ஒரு வித்தியாசம் தெரியும். சுத்தி பத்துப் பதினஞ்சு பேர் நிக்கிற ஹால் சீன்தான் அந்த சீரியல்ல பாதி. அதுல எப்ப பேசணும்கிறத விட எப்ப பேசாம இருக்கணும்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. மருமக நாலு வரி நியாயம் பேசுவா, கேமரா இவர் மேல வரும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தோள்ல துண்ட சரி பண்ணுவாரு, தம்பி ஞானம் எதையாவது உளறுவாரு, அவர ஒரு பார்வை, அப்புறம் மெதுவா "இந்தாம்மா..." அந்த இழுப்புலயே தெரிஞ்சிரும் அடுத்து வெட்டு விழப் போகுதுன்னு. எங்கம்மா "பாவி, பாவி"ன்னு திட்டிக்கிட்டே சிரிக்கும். வில்லனத் திட்டுறப்ப சிரிப்பு வந்துச்சுன்னா நடிகன் ஜெயிச்சுட்டான்னு அர்த்தம்.

குரல் பத்தி இன்னொண்ணு. தமிழ் சீரியல்ல ஷூட்டிங்ல பேசுறத பெரும்பாலும் அப்படியே போட மாட்டாங்க, எடிட் பண்ணுனதுக்கு அப்புறம் ஸ்டுடியோல மைக் முன்னாடி நின்னு, திரைல ஒதடு அசையுறதப் பாத்து, அத்தனையும் மறுபடி பேசணும். நெறைய பேருக்கு வேற ஆளு பேசுவாங்க. இவரு அவருக்கு அவரே பேசுனாரு. வாரத்துல ஆறு நாள் ஒளிபரப்புன்னா எவ்வளவு பேசணும்னு நெனச்சுக்கங்க. கத்துறது, இருமுறது, மூச்சு வாங்குறது எல்லாத்தையும் ஒரு ஏசி ரூம்ல நின்னுக்கிட்டே மறுபடி செய்யணும்.

யூடியூப் இன்டர்வியூங்கள்ல அவரப் பாத்தவங்களுக்கு இன்னொரு அதிர்ச்சி இருக்கும். குணசேகரனுக்கு நேர் எதிர். பகுத்தறிவு பேசுவாரு, கடவுள் நம்பிக்கை இல்லன்னு வெளிப்படையா சொல்லுவாரு, பட்ட கஷ்டத்த எல்லாம் ஒளிக்காம, அதே சமயம் ஒப்பாரி வைக்காம சொல்லுவாரு. 2023ல ஜீ தமிழ்ல தமிழா தமிழா நிகழ்ச்சில ஜோசியக்காரங்க கூட நேருக்கு நேர் சண்டை போட்டது பயங்கர வைரல். எங்கம்மா அதப் பாத்துட்டு ரெண்டு நாள் கொழப்பத்துல இருந்துச்சு. ஏன்னா எங்கம்மாவுக்கு ஜோசியம் வேணும், மாரிமுத்துவும் வேணும். கடைசில "அவரு சொல்றதும் நியாயந்தான், ஆனா நமக்கு ராகு காலம் பாத்தே பழகிப்போச்சுடா"ன்னு ஒரு வழியா முடிச்சுக்கிச்சு.

அதே வருசம் ஆகஸ்ட் 10ல ஜெயிலர் ரிலீசு, அதுல வில்லன் கோஷ்டில இவரும் ஒருத்தர். 33 வருசம் ஓடுனதுக்கு அப்பத்தான் கூலி ஒழுங்கா வந்து சேர ஆரம்பிச்சிருந்துச்சு.

செப்டம்பர் 8, வெள்ளிக்கிழம. காலையில டப்பிங் ஸ்டுடியோல எதிர்நீச்சலுக்குப் பேசிக்கிட்டு இருந்திருக்காரு. கூட ஞானமா நடிக்கிற கமலேஷ். நெஞ்சுல ஏதோ பண்ணுதுன்னு வெளிய வந்தவரு தானே கார எடுத்துக்கிட்டு வடபழனில ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. பொழைக்கல. மாரடைப்பு. அம்பத்தஞ்ச தாண்டி ஒண்ணு ரெண்டு வருசம்தான். தானே வண்டி ஓட்டிட்டுப் போனாருங்கிறதத்தான் என்னால மறக்க முடியல. எங்க மாமா ஒருத்தரும் அப்படித்தான், வேர்த்துக் கொட்டுது, வாயுப் புடிப்புன்னு சொல்லிக்கிட்டு டிவிஎஸ் 50ல கெளம்பிட்டாரு. நம்மாளுங்களுக்கு அடுத்தவனத் தொந்தரவு பண்றதுக்கு அவ்வளவு கூச்சம், 108க்கு போன் பண்ணக்கூட.

எனக்கு நியூஸ் வாட்ஸ்அப்ல வந்துச்சு, நான் மொதல்ல நம்பல, சீரியல்ல குணசேகரன் சாகுற மாதிரி சீனு போலன்னு நெனச்சேன். அம்மாவுக்கு போன் அடிச்சேன், ஒன்பதரைக்கு மட்டும் எடுக்காத அம்மா பகல்லயும் எடுக்கல. பக்கத்து வீட்டு அக்காவும் அதுவும் டிவி முன்னாடி உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சாம். ஒன்றரை வருசமா தெனமும் மண்ண வாரித் தூத்துன ஆளுக்காக. மறுநாள் பசுமலைத்தேரில இறுதிச் சடங்கு நடந்துச்சு, மேற்க பஸ் ஏறிப் போய் பாத்துட்டு வந்தவங்க எங்க ஊர்லயே உண்டு.

இன்னொரு கூத்து, ஜோசியத்த திட்டுனதாலதான் இப்படி ஆச்சுன்னு பேஸ்புக்ல ஒரு கூட்டம் கெளம்புச்சு. அதப் படிச்சப்ப வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. ஜோசியத்த நம்புறவனுக்கு மட்டும் ஹார்ட் அட்டாக் வராதா என்ன? எழவு வீட்ல போய் ஜெயிச்சுட்டேன்னு கை தட்டுற ஆளுங்ககிட்ட என்னத்தப் பேசுறது, விடுங்க.

2024 ஜூலைல இந்தியன் 2 வந்துச்சு. தியேட்டர்ல ஒரே படத்துல விவேக்கும் வந்தாரு, இவரும் வந்தாரு, ரெண்டு பேருமே இல்ல. படம் எப்படின்னு கேக்காதீங்க. எனக்குப் பக்கத்து சீட்டுப் பையன் மாரிமுத்து வந்ததும் பழக்கதோஷத்துல "இந்தாம்மா ஏய்"னு கத்துனான், ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க, அப்புறம் ஒரு மாதிரி அமைதி.

சீரியல்ல அவருக்குப் பதிலா வேல ராமமூர்த்தி வந்தாரு. நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், கம்பீரமான ஆளு, அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த எடத்துல யாரு வந்தாலும் கஷ்டம்தான். 2024 ஜூன்ல முடிச்சு, அந்த டிசம்பர்லயே எதிர்நீச்சல் தொடர்கிறதுன்னு ரெண்டாவது பாகமும் ஆரம்பிச்சாங்க, அதுலயும் அவருதான் குணசேகரன். அம்மா அதையும் பாக்குது.

புது குணசேகரன் வந்த நாள்ல நான் வீட்லதான் இருந்தேன். எங்கப்பா சீரியல் பாக்க மாட்டாரு, ஆம்பளைங்க பாக்குறதான்னு திண்ணைலயே கட்டில்ல படுத்திருப்பாரு, ஆனா ஜன்னல் தொறந்துதான் இருக்கும். ஒன்றரை வருசமா மூஞ்சியே சரியாப் பாக்காம குரல மட்டும் கேட்டு வந்திருக்காரு, இத நான் அன்னிக்குத்தான் கவனிச்சேன். சீன் ஆரம்பிச்சு ரெண்டு மூணு டயலாக் போயிருக்கும்.

"ஏ இந்தா, யாரு அது பேசுறது?"

"குணசேகரன்தான்," அம்மா திரும்பாமயே சொல்லுச்சு.

"அவன் இல்லயே."

"ஆமா. அவன் இல்ல."

அப்புறம் விளம்பரம் போட்டாங்க, அம்மா எந்திரிச்சுப் போய் தோசக்கல்ல அடுப்புல வச்சுச்சு.